சராசரித் தாடை எவருக்கும் இல்லை

கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்கு முன் பல் மருத்துவர் போடும் ஊசி அந்தப் பல்லின் பக்கத்தில் இறங்குவதில்லை. மேல்தாடையின் எலும்பு மெல்லியது. அங்கே வேருக்கு நேராக ஈறில் மருந்தைச் செலுத்தினால் அது எலும்பில் ஊறி நரம்பைத் தொட்டுவிடும். கீழ்த்தாடையின் பின்பகுதியிலோ வெளித்தகடு கெட்டியானது. வளர்ந்தவர்களுக்கு மருந்து அதைத் தாண்டி உள்ளே போவது அரிது. ஆகவே நரம்பு எலும்புக்குள் நுழையும் வாசலுக்கே போய், நுழைவதற்கு முன்பே அதை மரத்துப்போகச் செய்ய வேண்டும். அந்த வாசல் வாயின் கோடியில், காதுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கும் தாடைத் தகட்டின் உட்பக்கத்தில், சதைக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் நேராக எட்டாது. நரம்பு நுழையும் துளையின் முன்விளிம்பில் நாக்கு நுனிபோல ஒரு சிறு எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. லிங்குலா என்று அதற்குப் பெயர். 1815இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் ஸ்பிக்ஸ் அதை விவரித்தார். அதனால் பழைய நூல்கள் அதை ஸ்பிக்ஸின் முள் என்றும் குறிக்கின்றன. ஊசி பலிக்குமா பலிக்காதா என்பது பெரும்பாலும் இந்தத் துருத்தலின் சுற்றுவட்டாரத்தில், சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் முடிவாகிறது.

ஜவ்வாது மலையில் நடக்கும் ஒரு பல் மருத்துவ முகாமை நினைத்துப் பார்த்தால் அந்தச் சில மில்லிமீட்டரின் எடை புரியும். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை அது. சாமையும் தினையும் விளையும் சிற்றூர்கள் காட்டுக்கு நடுவே தள்ளித் தள்ளி இருக்கின்றன. அங்கிருந்து ஜமுனாமரத்தூருக்கோ புதூர்நாட்டுக்கோ வந்து சேர்கிறவர் பாதி வழி நடந்து, மீதி வழி பேருந்துக்குக் காத்திருந்து, அன்றைய கூலியையும் விட்டுவிட்டு வருகிறார். முகாமில் மருத்துவரிடம் இருப்பவை ஒரு விளக்கு, ஒரு சிரிஞ்சு, அட்ரினலின் கலந்த 2 விழுக்காடு லிக்னோகெய்ன், பிறகு தன் விரல்கள். முப்பரிமாணப் படம் தரும் சிபிசிடி ஸ்கேன் எல்லாம் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் நகரத்து ஸ்கேன் மையங்களிலும் இருப்பவை. வேலூரில் ஊசி பலிக்காவிட்டால் நாளை வாருங்கள் என்று சொல்லலாம். மலையில் அந்த நாளை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பாதி மரத்த பல்லை வலியோடு பிடுங்கி அனுப்பினால் அந்த மனிதர் அடுத்த முகாமுக்கு வரப்போவதில்லை, தன் பிள்ளைகளையும் கூட்டிவரப்போவதில்லை. தாடை எலும்பின் வடிவ வேறுபாடு பெரிய மருத்துவமனைகளின் ஆய்வறைச் சங்கதி என்றே பலரும் எண்ணுகிறார்கள். கருவி குறையக் குறைய அந்த அறிவின் தேவை கூடுகிறது என்பது என் கருத்து. அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த வேறுபாட்டை ஒரு சமூகத்தின் முத்திரையாகத் தேடினால் வழி தவறுவோம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மனிதரின் தாடையில்தான் அதைத் தேட வேண்டும்.

வேறுபாடு எவ்வளவு என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. ஏ. துலியும் அவருடைய சகாக்களும் 165 இந்தியத் தாடை எலும்புகளை ஆராய்ந்து 2000இல் 'ஜர்னல் ஆஃப் அனாடமி' இதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. லிங்குலாவை அவர்கள் நான்கு வடிவங்களாகப் பிரித்தார்கள்: முக்கோணம், நுனி வெட்டுண்டது, முண்டு போன்றது, எலும்போடு எலும்பாகக் கரைந்துபோனது. இடது வலது இரண்டையும் தனித்தனியே எண்ணியதில் 68.5 விழுக்காடு முக்கோணம், 15.8 விழுக்காடு நுனி வெட்டுண்டது, 10.9 விழுக்காடு முண்டு, 4.8 விழுக்காடு கரைந்தது. பாடப்புத்தகப் படத்தில் நாம் பார்ப்பது முக்கோணத்தை. ஆனால் மூன்று பக்கங்களில் ஏறக்குறைய ஒன்று அந்தப் படத்தை ஒத்திருக்கவில்லை. 7 தாடைகளில் ஒரே மனிதரின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறு வேறு வடிவம். தாய்லாந்தில் இதே அளவுகோலைக் கொண்டு பார்த்தவர்களுக்கு நுனி வெட்டுண்ட வடிவமே அதிகம் கிடைத்தது. இதை மட்டும் வைத்துக்கொண்டு இந்தியத் தாடை வேறு, தாய்லாந்துத் தாடை வேறு என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். முக்கோணத்துக்கும் மழுங்கிய நுனிக்கும் நடுவே கோடு எதுவும் எலும்பில் வரையப்பட்டிருக்கவில்லை. சற்றே மழுங்கிய முக்கோணத்தை ஒருவர் முதல் பெட்டியிலும் இன்னொருவர் இரண்டாவது பெட்டியிலும் போடலாம். நான்கு பெட்டிகள் நம் வசதிக்காக நாம் செய்துகொண்டவை. எலும்பு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சீராக மாறிக்கொண்டே போகிறது. கையில் சிரிஞ்சு வைத்திருப்பவருக்கு இந்த எண்களில் பயன்படும் பகுதி எந்தப் பெட்டியில் எத்தனை என்பது இல்லை. எந்தத் தாடையும் எதிர்பார்த்தபடி இருக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது என்பதுதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அந்தத் துருத்தல் முக்கோணமாக இருந்தால் என்ன, முண்டாக இருந்தால் என்ன, ஊசி தோற்பதற்கு அதுதான் காரணம் என்று யார் நிறுவினார்கள்? மறுப்பில் உண்மை இருக்கிறது. கீழ்த்தாடை நரம்பை மரக்கச் செய்யும் இந்த ஊசி 100க்கு 15 முதல் 20 தடவை முழுப் பலன் தருவதில்லை என்று பாடநூல்களே ஒப்புக்கொள்கின்றன. அதற்குக் காரணங்கள் பல. சீழ் பிடித்து வீங்கிய பல்லில் நரம்பே எரிச்சலுற்றிருப்பதால் மருந்து மந்தமாகவே வேலை செய்யும். மலை முகாமுக்கு வருகிற பற்களில் பெரும்பாலானவை அந்த நிலைக்கு வந்த பிறகே வருபவை. வாயின் அடித்தளத் தசைக்குப் போகும் நரம்பிலிருந்து ஒரு கிளை கடைவாய்ப் பல்லுக்கு வந்துசேர்வதும் உண்டு. அப்போது வாசலை அடைத்தாலும் வலி வேறு வழியில் போகும். தாடைக்குள் நரம்பு செல்லும் கால்வாயே சிலருக்கு இரண்டாகப் பிரிந்திருக்கும். இவ்வளவும் சரி. இவற்றோடு லிங்குலாவின் உயரமும் முன்பின் இருப்பும் சேர்ந்துகொள்கின்றன. வடிவத்தைவிட இருப்பிடம் முக்கியம் என்றும் சொல்வேன். ஊசி போடும் முறையைப் பார்த்தால் இது விளங்கும். மருத்துவர் கட்டைவிரலால் நிமிர்ந்த தகட்டின் முன்விளிம்பில் உள்ள குழிவைத் தடவிக் கண்டுகொள்கிறார். எதிர்ப்பக்கத்து முன்கடைவாய்ப் பற்களின் மேலிருந்து சிரிஞ்சைக் குறுக்காகச் செலுத்துகிறார். சாதாரணமாக 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆழத்தில் முனை எலும்பைத் தொட வேண்டும். முன்னதாகவே தொட்டால் முனை லிங்குலாவுக்கு முன்னால் நிற்கிறது. அங்கே கொட்டிய மருந்துக்கும் நரம்புக்கும் நடுவில் அந்தத் துருத்தலும் அதில் பற்றியிருக்கும் இழைநாரும் மறிப்பாக நிற்கும். எவ்வளவு ஆழம் போனாலும் எலும்பே தட்டுப்படாவிட்டால் முனை தகட்டைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. அங்கே மருந்தைச் செலுத்தினால் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் இருக்கும் முகநரம்பு மரத்து, சில மணி நேரம் அந்தப் பக்கத்துக் கண்ணை மூட முடியாமல் போகலாம். எலும்பு தட்டுப்படும் அந்த ஆழம் ஒவ்வொருவருக்கும் வேறு. பாடநூல் எண்ணைப் பிடித்துக்கொண்டு செலுத்துகிறவரும், முனை எங்கே எதைத் தொட்டது என்று கவனித்துச் செலுத்துகிறவரும் ஒரே ஊசியைப் போடவில்லை.

மரக்க வைக்கும் ஊசியில் தவறினால் மறுபடி போடலாம். தாடையை அறுத்து நகர்த்தும் அறுவையில் அந்தச் சலுகை இல்லை. கீழ்த்தாடை மிகவும் பின்தங்கியோ முன்தள்ளியோ இருப்பவர்களுக்கு, நிமிர்ந்த தகட்டை உள்தகடு வெளித்தகடு என இரண்டாகப் பிளந்து, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவிட்டு, பிறகு தகடும் திருகும் வைத்துப் பொருத்துகிறார்கள். ஹூகோ ஒப்வெகெசர் 1950களில் உருவாக்கிய முறை இது. இன்றும் உலகெங்கும் செய்யப்படுகிறது. இதில் உட்பக்கத்தின் கிடைமட்ட வெட்டு லிங்குலாவுக்குச் சற்று மேலே போக வேண்டும். கீழே இறங்கினால் நரம்பு அறுபடும், கீழுதடும் முகவாயும் உணர்விழக்கும். அதிகம் மேலே ஏறினாலோ உள்தகடும் வெளித்தகடும் நடுவில் மென்மையான எலும்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதி வந்துவிடும்; பிளக்க முயன்றால் எலும்பு எதிர்பாராத திசையில் உடையும். கரைந்துபோன லிங்குலா உள்ளவரிடம் அறுவை மருத்துவர் தேடும் அடையாளமே இல்லை. வெளிப்பக்கத்தில் உள்ள ஒரு மேட்டை வைத்து உள்ளே துளை எங்கே என்று ஊகிக்கலாம் எனச் சிலர் முன்பு நம்பினார்கள். அந்த மேடும் துளையும் ஒரே நேர்க்கோட்டில் அமைவது நிச்சயமில்லை என்று பல அளவீடுகள் காட்டிவிட்டன.

இதே தகட்டின் உச்சியில் முன்பக்கமாக எழும்பி நிற்கிறது கொரோனாய்டு முளை. நெற்றிப்பொட்டிலிருந்து இறங்கும் மெல்லும் தசை அதைத்தான் பற்றியிழுக்கிறது. இதைப் பற்றிய முக்கியமான இந்திய ஆய்வுகளில் ஒன்று ஜவ்வாது மலைக்குப் பக்கத்திலேயே, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் நடந்தது. பினா ஐசக், எஸ். ஜே. ஹொல்லா இருவரும் 157 தாடைகளைப் பார்த்து 2001இல் வெளியிட்டார்கள். முக்கோண முளை 49 விழுக்காடு, கொக்கி வடிவம் 27.4, வட்ட நுனி 23.6. இங்கே பெரும்பான்மை என்று சொல்லக்கூட ஒரு வடிவம் இல்லை. ஏன் இப்படி என்று கேட்டால், 1947இல் ஷெர்வுட் வாஷ்பர்ன் நடத்திய சோதனை ஒரு பகுதி விடையைத் தருகிறது. பிறந்த எலிக்குட்டிகளில் அந்த மெல்லும் தசையை அகற்றியபோது கொரோனாய்டு முளை வளரவே இல்லை. பாரம்பரியம் ஒரு வரைபடம் தருகிறது, அதை முளையாக இழுத்து நிறுத்துவது தசை. உயிரோடு இருக்கும்வரை எலும்பு தன்மேல் விழும் இழுப்புக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. பல்லெல்லாம் போன முதியவரின் தாடைக்கோணம் அகன்றுபோவதற்கும் இதையே காரணமாகச் சொல்வார்கள். அறுவை மருத்துவருக்கு இந்த முளை இரண்டு விதத்தில் வேண்டியிருக்கிறது. கண்குழியின் அடித்தளம் உடைந்தால் ஒட்டுப்போட இதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். கொக்கியிலும் வட்ட நுனியிலும் கிடைக்கும் எலும்பின் அளவும் வளைவும் வேறு. அடுத்தது, பாக்கும் புகையிலையும் மெல்லும் நம் நாட்டுக்குரிய தேவை. பாக்கு தொடர்ந்து மெல்லுகிறவர்களின் கன்னத்து உட்தோல் நாராக இறுகி, வாய் சிறிது சிறிதாகத் திறக்காமலே போகும் நோய் இங்கே பரவலாக உள்ளது. நாரை வெட்டிவிட்ட பிறகும் வாய் திறக்கவில்லையென்றால் முளையையும் வெட்டி எடுக்க நேர்கிறது.

வாய் திறக்க முடியாதவருக்கு எப்படி ஊசி போடுவது? இந்தக் கேள்விதான் என் வாதத்துக்கு உயிர். 1960இல் இந்திய மருத்துவர் வஜிரானி, வாயை மூடிய நிலையிலேயே மேல்தாடையின் பின்மேட்டுக்கும் கொரோனாய்டு முளைக்கும் நடுவே ஊசியைச் செலுத்தும் ஒரு முறையை விவரித்தார். 1977இல் நைஜீரியாவின் அகினோசி தனியாக அதே முறைக்கு வந்துசேர்ந்தார். இருவர் பெயராலும் அது இன்று வழங்குகிறது. ஆஸ்திரேலியாவின் கவ்-கேட்ஸ் 1973இல் வெளியிட்ட முறையோ நரம்பை வாசலில் பிடிக்காமல் இன்னும் மேலே, தாடை மூட்டின் கழுத்தருகே பிடிக்கிறது. அதற்கு அடையாளம் வாயின் ஓரத்தையும் காதுத்துளையின் முன்னுள்ள பள்ளத்தையும் இணைக்கும் கோடு. லிங்குலா எந்த வடிவத்தில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. இரண்டுக்கும் குறைகள் உண்டு. மூடிய வாய் முறையில் முனை எலும்பைத் தொடுவதே இல்லை, ஆகவே போதும் என்று நிறுத்தச் சொல்லும் சைகை கிடையாது. வெளியே விரிந்த தகடு உள்ளவருக்கு ஊசி திசைமாறும். கவ்-கேட்ஸ் முறைக்கு வாய் நன்றாகத் திறக்க வேண்டும், மரக்கவும் நேரமாகும். ஆனால் வழக்கமான ஊசியோடு சேர்த்து இவை மூன்றையும் கையில் வைத்திருக்கும் மருத்துவர், முதல் ஊசி பலிக்காதபோது அதே இடத்தில் அதே மருந்தை மறுபடி கொட்டமாட்டார். இந்தத் தாடையில் வாசல் நான் நினைத்த இடத்தில் இல்லை என்று புரிந்துகொண்டு, வாசலை நம்பாத வழிக்கு மாறுவார். இதற்கு மின்சாரமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டியதில்லை.

ஸ்கேன் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டால் இந்தப் பேச்செல்லாம் தேவையில்லையே என்பார்கள். தாடையைப் பிளக்கும் அறுவைக்கு ஸ்கேன் அவசியம். அதை மறுப்பது நோயாளிக்குத் துரோகம். ஆனால் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஒவ்வொருவரையும் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது நியாயமில்லை, யாரும் அப்படிச் செய்யச் சொல்லவும் இல்லை. தாடை முழுவதையும் ஒரே தளத்தில் காட்டும் வழக்கமான எக்ஸ்ரே படத்திலும் லிங்குலா எப்போதும் தெளிவாகத் தெரிவதில்லை. படம் கிடைத்தாலும் ஊசி இறங்குவது படத்தில் அல்ல, வாயில். திறந்த வாயின் கோணத்தில், அசையும் நோயாளியிடத்தில். பெரிய மருத்துவமனையிலும் மலை முகாமிலும் ஊசி போடும் கை ஒன்றுதான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. வேறுபாடு இவ்வளவு முக்கியமென்றால் முதலில் ஜவ்வாது மலை மக்களின் தாடைகளை அளந்து ஒரு பட்டியல் தயாரிப்பதுதானே முறை? அக்கறையோடு கேட்கப்படும் கேள்வி இது, ஆனால் நாம் ஏற்கெனவே ஒருமுறை நடந்துபார்த்த பாதை. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு தென்னிந்தியச் சாதிகளின், பழங்குடிகளின் தலையையும் மூக்கையும் அளந்து திரிந்தார். 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு அவர் எழுதிய 7 தொகுதிகள் வந்தன. அந்த அளவுகள் மக்களை வரிசைப்படுத்தப் பயன்பட்டன. ஒருவர் வலியையும் தீர்க்கப் பயன்படவில்லை. குழுக்களின் சராசரி ஒன்றுக்கொன்று சற்று விலகியிருக்கும், குழுவுக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வீச்சோ அதைவிட மிகப் பெரியது. சராசரி தெரிந்தாலும் எதிரே இருப்பவரின் வாசல் எங்கே என்று தெரியாது. தாடைகளில் வாழ்முறைக்கேற்ற வேறுபாடு உண்டு என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 11 மக்கள் குழுக்களின் தாடைகளை ஒப்பிட்டு நோரீன் வான் கிராமன்-டாபடெல் 2011இல் வெளியிட்ட ஆய்வில், வேட்டையாடி உணவு சேகரித்தவர்களின் தாடை நீண்டு ஒடுங்கியும் உழவர்களுடையது குறுகி அகன்றும் இருந்தன. ஆனால் ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் வேட்டையை மட்டும் நம்பிய மக்கள் அல்லர். தலைமுறை தலைமுறையாகச் சாமை விதைத்தவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களின் வாய்மொழி வரலாறு. சமவெளிக்காரர்களின் தாடையிலிருந்து அவர்களுடையது தனியாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் எதுவும் இல்லை.

நம்மிடம் உள்ள எண்களின் எல்லையையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். மருத்துவக் கல்லூரிகளின் உலர்ந்த தாடை எலும்புகள் பெரும்பாலும் யாருடையவை, எந்த ஊர், என்ன வயது என்ற குறிப்பு இல்லாதவை. அவற்றை அளந்து எழுதும் கட்டுரைகளில் தென்னிந்தியர் என்ற தலைப்பு இருந்தால் அது அந்தக் கல்லூரி இருக்கும் இடத்தைத்தான் சொல்கிறது. அந்த எலும்புகளிலிருந்து வேறுபாட்டின் வீச்சைக் கற்கலாம், ஊரைக் கற்க முடியாது. வீச்சே போதும்.

ஆகவே செலவிட வேண்டிய இடம் அளவெடுப்பு இயக்கம் அன்று, பயிற்சியும் பதிவும். மாணவர்கள் ஊசி பழகுவது பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் தாடையில். அதற்குப் பதிலாக முக்கோணம், முண்டு, கரைந்தது என ஒரு தட்டு நிறைய நிஜத் தாடைகளைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு துளையைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பாடநூல் படம் மனதில் தளரும். மலை முகாமில் ஒவ்வொரு ஊசிக்கும் நான்கு விவரங்களை நோயாளியின் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம்: எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டரில் எலும்பு தட்டியது, எத்தனை நிமிடத்தில் உதடு மரத்தது, எந்த முறை பலித்தது. அடுத்த முறை வேறு மருத்துவர் வந்தாலும் அந்தத் தாடை அவருக்குப் புதிதாக இராது. முதலில் தொடங்க வேண்டிய இடம் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். சிறுவர்களுக்கு நரம்பின் வாசல் பல் கடிக்கும் மட்டத்துக்குச் சமமாகவோ அதற்குக் கீழேயோ இருக்கிறது, தகடும் குறுகலானது. பெரியவருக்குப் போடும் உயரத்திலும் ஆழத்திலும் போட்டால் ஊசி வாசலுக்கு மேலே போய்விடும். வளர வளர வாசல் மேலேறும். 7 வயதில் எழுதிய சீட்டும் 13 வயதில் எழுதிய சீட்டும் ஒரே பிள்ளையுடையதாக இருந்தால், அந்த ஏற்றத்தை அந்தப் பிள்ளையின் தாடையிலேயே படிக்கலாம். மரத்த உதட்டைப் பிள்ளை கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதையும் அந்தச் சீட்டில் விடுதிக் காப்பாளருக்கு எழுதிவிட வேண்டும்.